எதுவும் போடலன்னா வர்ற மாமா

ஏண்ணா, நீங்கதானா அந்த நம்பரு?

போன்ல கத்தின கத்துக்கு, ஆறடி ஒசரத்துல மீசைய முறுக்கிகினு ஒருத்தர் வருவாருன்னு வாசலையே பாத்துகினு இருந்தேன். நீங்க இன்னாடான்னா கணக்கு வாத்தியாராட்டம் சட்டப்பையில பேனா குத்திகினு அமைதியா வந்து நிக்கறீங்க. குந்துங்கண்ணா. அது வாணா, அந்த நாற்காலிக்குக் கால் ஆடும். இதுல குந்துங்க. செய்யார்ல இருந்து வர்றதுன்னா சும்மாவா, காஞ்சிபுரம், அரக்கோணம்னு மாறி மாறி வந்திருப்பீங்க. மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க. அழிச்சிட்டுதான் காப்பியா? சரி, அப்டியே ஆவட்டும். அதுக்குத்தான நேர்ல வரச் சொன்னேன். உங்க நம்பர உங்க கண்ணு முன்னாலயே அழிச்சிக் காட்டறேன். அதுக்கு மேல இன்னா வேணும்.

தோ, லேப்டாப்ப தொறந்துட்டேன். இது கெவுருமெண்டு குடுத்ததுண்ணா, பன்னெண்டாவது படிக்க சொல்ல. ஒரு பக்கம் மூடி பேந்துகிச்சி, அதான் ரப்பர் பேண்டு. இது கண்ணு முழிக்க கொஞ்சம் நேரம் ஆவும். அதுக்குள்ள நடந்தத சொல்லிடறேன். இல்லன்னா நீங்க என்ன ஏதோ ஆன்லைன்ல துட்டு அடிக்கற கும்பல்னு நெனச்சிகினே போவீங்க. போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்னு நீங்க சொன்னதுல இருந்து எனக்கு சோறு எறங்கல. இந்த மண்டபத்து ஓனரம்மா இருக்காங்களே, தமயந்தியம்மா, அவங்க காதுக்கு இது போச்சின்னா நாளைக்கே என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவங்களுக்கு இன்னும் விசயம் தெரியாது. நீங்களும் கொஞ்சம் மெதுவா பேசுங்கண்ணா, பக்கத்து ரூம்லதான் வெத்தல கிள்ளிகினு இருக்காங்க.

எம் பேரு அனுராதா. வூடு கே.ஜி.கண்டிகை. காலேஜா? எங்க போனேன். ஊர் ஸ்கூலோட சரி. இந்த வேலைய எம் பொண்ணு வயித்துல இருக்க சொல்லக் கத்துகினேன். டாக்டரம்மா எழுந்திரிக்கவே கூடாது, படுத்தே கெடன்னு சொல்லிட்டாங்க. எத்தினி நாளைக்குத்தான் செவுத்துல பல்லியப் பாத்துகினு கெடக்கறது. பல்லியும் எத்தினி நாளைக்குத்தான் என்னப் பாக்கும். அப்ப போன்ல ஒரு பையன் வீடியோ போட்டுகினு இருந்தான். மூஞ்சியே காட்ட மாட்டான், கொரலு மட்டுந்தான். வாங்க நண்பர்களே, இன்னிக்கு ஜாங்கோ பாக்கலாம்னுவான். ஜாங்கோன்னா வெப்சைட்டு கட்டறதுக்கான சாமான் செட்டுண்ணா. கதவு, ஜன்னலு, வாசக்காலு எல்லாம் செஞ்சே வெச்சிருப்பாங்க. நம்ம எடத்துக்கு ஏத்த மாதிரி நிக்க வெச்சி பூசிக்க வேண்டிதுதான். துட்டா? துட்டே கெடையாது. திருத்தணி மலை மேல அன்னதானம் போடறாங்க இல்ல, அது மாதிரி. யார்னா குந்தி சாப்பிடலாம், யார்னா ஒரு மூட்ட அரிசி எறக்கிட்டுப் போலாம். சாம்பார்ல இன்னா போட்டாங்கன்னு சமையக்கட்டுக்கே போயி எட்டிப் பாக்கலாம், யாரும் தொரத்த மாட்டாங்க. தகவல எல்லாம் பூட்டி வெக்கறதுக்கு போஸ்ட்கிரெஸ்னு ஒண்ணு. அதுவும் அதே பந்திதான்.

புள்ள பொறந்து, அதுக்குப் பல்லு மொளைக்கறதுக்குள்ள, நான் ஒரு வெப்சைட்டு கட்டிட்டேன். எங்க மாமியார் கேட்டாங்க, இதுல குந்தி சோறு துன்ன முடியுமான்னு. முடியாதுதான். ஆனா தமயந்தியம்மா மண்டபத்துல கூட்டறதுக்கும் போன் எடுக்கறதுக்கும் வந்தவள, கூட்டறத உட்டுட்டு கம்ப்யூட்டர் மட்டும் பாருன்னு சொன்னாங்களே, அது போதாதா.

எதுக்கு சொன்னாங்கன்னு கேளுங்க. நம்ப மண்டபத்துல கல்யாணம் கொறைவு, காதுகுத்துதான் ஜாஸ்தி. மலை மேல மொட்ட, கீழ காதுகுத்து, பந்தி, பஸ்ஸு. இதான் இந்த ஊரு யாவாரம். போன வருசம் ஒரு விசேஷத்துல புள்ளைய மடியில வெச்சிக்க ரெண்டு மாமனுங்க வந்து நின்னாங்க. ஒருத்தன் கூடப் பொறந்தவன், இன்னொருத்தன் சித்தி மவன். நீ எழுந்திரி, நீ எழுந்திரின்னு, கடைசியில ஒரே நாற்காலியில ரெண்டு பேரும் குந்திட்டாங்க. கொழந்த ரெண்டு மடிக்கும் நடுவுல தொங்குது. காது குத்தறவரு எந்தப் பக்கம் நின்னு குத்தறதுன்னு தெரியாம, பந்தியில போயி சாப்ட்டுட்டு, வெத்தல போட்டுகினு திரும்பி வந்து பாக்கறாரு, அப்பவும் ரெண்டு பேரும் அப்டியேதான் குந்திகினு இருக்காங்க. அப்பால நாற்காலி ஒடஞ்சிது. அப்பால மேச. அப்பால ஒருத்தர் பல்லு. அன்னிக்கே தமயந்தியம்மா சொல்லிட்டாங்க, அம்மா பேரு அப்பா பேரு இல்லன்னாலும் பரவால்ல, தாய்மாமன் யாருன்னு மொதல்லயே எழுதாம இனிமே இங்க புக்கிங்கே கெடையாதுன்னு.

அதான் நானும் புக்கிங் வெப்சைட்ட அப்டியே கட்டினேன். இதுல ரெண்டு டேபிளுங்கண்ணா. டேபிள்னா சோறு துன்றது இல்ல, கட்டம் கட்டமா இருக்கும். ஒரு டேபிள்ல புள்ளைங்க, ஒரு டேபிள்ல மாமனுங்க. இந்த டேபிள்ல இருக்கற ஒவ்வொரு புள்ளையும் அந்த டேபிள்ல இருக்கற யாரோ ஒரு மாமன் கையப் புடிச்சிகினு நிக்கணும். கையப் புடிக்காம எந்தப் புள்ளையும் உள்ள வர முடியாது. போஸ்ட்கிரெஸ் வாசல்லயே நிறுத்திடும். பணம் கட்டிட்டேன்னு சொன்னாலும் உடாது, கலெக்டர் புள்ளைன்னாலும் உடாது.

கட்டி முடிச்சிட்டு ஓடுதான்னு பாக்கணுமில்ல? அதுக்கு பொய்யா ஒரு மாமன் வேணும். பேரு கந்தன்னு போட்டேன். திருத்தணியில குந்திகினு வேற இன்னா பேரு கையில வரும் சொல்லுங்க. நம்பரு கேட்டுது. ஒன்பதுன்னு ஆரம்பிச்சி, கண்ண மூடிகினு, கை போன போக்குல தட்டினேன். இந்த நம்பர் ஒலகத்துல யாருக்கும் இருக்காதுன்னு நெனச்சேன். ஆமாண்ணா, செய்யார்ல எடை மேடையில குந்திகினு லாரிக்கு எடை போடற குணசேகரன்னு ஒருத்தருக்கு அது இருக்கும்னு எனக்கு எப்டிண்ணா தெரியும். சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க, சிரிங்க. நீங்க சிரிக்கறத இப்பத்தான் பாக்கறேன்.

இல்லண்ணா, அங்கயே அழிச்சிருந்தா ஒண்ணும் இல்ல. ஆனா வெப்சைட்ட தொறந்து உட்ட மொத நாளே சோளிங்கர் மணியம்மக்கா போனு. எம் புள்ளைக்கு தாய்மாமனே இல்லம்மா, எங்கம்மாவுக்கு நாங்க அஞ்சும் பொண்ணுங்க, உங்க கம்ப்யூட்டர் உள்ள உட மாட்டேங்குதுன்னு. பாவமா இருந்திச்சி. அதுக்கு டிஃபால்ட்டுன்னு ஒண்ணு இருக்குதுண்ணா. யாரும் எதுவும் போடலன்னா தானா வந்து நிக்கற ஆளு. கந்தன டிஃபால்ட்டா நிக்க வெச்சேன். நாளைக்கு மாத்திக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு புள்ளைக்கு சொரம்.

அப்பால பாத்தா, மாமன் இல்லாதவங்கதான் உங்கள புடிச்சாங்கன்னு இல்ல. மூணு மாமன் இருக்கறவங்களும் எவன் பேரப் போட்டாலும் மத்த ரெண்டு பேரு கோச்சிப்பாங்கன்னு ஒண்ணும் போடாம உட்டுட்டாங்க. எல்லாரும் உங்க கையில. விசேஷத்துக்கு மூணு நாள் முன்ன மாமனுக்கு தானா ஒரு மெசேஜு போற மாதிரி வெச்சிருந்தேன். வணக்கம் கந்தன் அவர்களே, தங்கள் மருமகளின் காதணி விழாவுக்கு சீர்வரிசையுடன் நேரத்துக்கு வந்து சேரவும்னு. அந்த சீர்வரிசைன்ற வார்த்தைய தமயந்தியம்மாதான் போடச் சொன்னாங்க. நீங்க மொத மெசேஜப் பாத்துட்டு இன்னா நெனச்சீங்க? பேங்க்ல இருந்து வருதுன்னா? ஆங்.

அதோட உட்டுச்சா. புள்ள வூட்டுக்கும் ஒரு மெசேஜு போவும். உங்கள் தாய்மாமன் கந்தன், அவரது எண் இதுன்னு. சனங்க அதப் பாத்துட்டு, இந்த மண்டபத்துல பாத்திரம், நாற்காலி, ஜெனரேட்டரு, தாய்மாமன் எல்லாம் சேத்தே குடுக்கறாங்கன்னு நெனச்சிகிச்சி. நகரியில இருந்து ஒருத்தர் தெலுங்குல கேக்கறாரு, ஏசி ஹாலுக்கு வர்ற மேனமாமாவும் சாதா ஹாலுக்கு வர்றவரும் ஒருத்தரேவா, இல்ல வேற வேறயான்னு. நான் அப்ப வெளங்காம, எல்லாத்துக்கும் ஒருத்தருதாங்கன்னு சொல்லி வெச்சிட்டேன். அவருக்கு ரொம்ப சந்தோசம்.

ஏய் கனி, அந்தப் பைய உடு. உடுடி. எம் பொண்ணுதாண்ணா, கனிமொழி. தலையில சந்தனம் ஈரமா இருக்குது, சட்டையில ஒட்டிக்கப் போவுது, கொஞ்சம் தள்ளி குந்துங்க. பரவால்லயா? சரி. அவ யார்கிட்டயும் இப்டிப் போவ மாட்டா.

நீங்க சொல்லுங்க, எப்டி எப்டி போன் வந்துச்சி. எடை மேடையில லாரி நிக்கற நேரத்துலயா? வெள்ளிக் கொலுசு எத்தினி பவுனுன்னு கேட்டுதா ஒண்ணு. வெள்ளிய யாருண்ணா பவுன்ல கேக்கறது. சரி, வுடுங்க. சோளிங்கர் மணியம்மக்கா போன் பண்ணிச்சா? அதுவா அழுதுச்சி? அதுக்கு அஞ்சு பேரும் அக்கா தங்கச்சிங்கதான், சொல்லி அழ ஆளு இல்ல. வூட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து... நீங்க ஒரு அண்ணனா வந்து கேளுங்கன்னுச்சா. ஐயோ. நீங்க ராங் நம்பருன்னு வெச்சிட்டீங்கதான?

வெக்கலயா.

பேசினீங்களா? யார்கிட்ட, அவ வூட்டுக்காரர்கிட்டயேவா? இன்னான்னு பேசினீங்கண்ணா, யாருன்னே தெரியாத ஆளுகிட்ட. இந்த பொண்ணுக்குக் கேக்க ஆளு இல்லன்னு நெனைக்காத, செய்யார்ல ஒருத்தன் இருக்கேன்னு சொன்னீங்களா. அவரு இன்னா சொன்னாரு? சரிங்க மச்சான்னு சொன்னாரா. நல்லாத்தான் போவுது.

இல்லண்ணா, நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு இது தெரியாது, அதான் வாயத் தொறந்துகினு பாக்கறேன். மணியம்மக்கா என்கிட்ட இதச் சொல்லவே இல்ல.

அப்பால பள்ளிப்பட்டுக்காரங்களா? ஒரு சின்னப் பையன் பேசினானா. மாமா நீ எப்ப வருவ, வர சொல்ல பந்து வாங்கிகினு வான்னு. அவனுக்கா? அவனுக்குப் போன வாரமே முடிஞ்சிட்டுது, இங்கதான் குத்தினாங்க. நான் அன்னிக்கு லீவு. நீங்க வர... வந்தீங்களா?

பந்து வாங்கிகினா.

இந்த மண்டபத்துக்கா வந்தீங்க. பின்ன எதுக்குண்ணா என்ன போன்ல அப்டித் திட்டினீங்க. சண்ட போடத்தான் வந்தேன்றீங்க. சண்ட போட வந்தவரு எதுக்கு பந்து வாங்கினீங்க. மாமா வந்துட்டாருன்னு ஒரு பத்து பேரு ஓடி வந்து, சட்டையப் புடிச்சி, சந்தனத்தத் தடவி, குந்த வெச்சிட்டாங்களா. வாயத் தொறக்கவே உடலயா. சரி, சாப்பாடாவது நல்லா இருந்துச்சா? பாயசத்துல சக்கர கம்மியா. அது நம்ப சமையக்காரரு அப்டித்தான், அவருக்கு சுகர்.

சரி, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு? நீங்க ஒருத்தரேவா. அக்கா தங்கச்சி யாரும் இல்லயா. ஆங்.

காப்பி ஆறிப் போவுது, குடிங்க. நான் ஊத்தினது வீணாப் போவக் கூடாது.

இருங்க, கம்ப்யூட்டரு எழுந்துகிச்சி. நீங்க மொத தடவ திட்டின அன்னிக்கே நான் அழிக்கத்தான் போனேன். பொய் சொல்லல. உங்கமேல கைய வெச்சி, அழின்னு குடுத்தேன். ஜாங்கோ இன்னா சொல்லிச்சி தெரியுமா? இவர அழிக்க முடியாது, இவர் கையப் புடிச்சிகினு இத்தினி புள்ளைங்க நிக்கறாங்கன்னு, ஒவ்வொண்ணா பேரு போட்டுக் காட்டுது. நான்தான் கட்ட சொல்லவே அப்டி வெச்சேன். மாமனுங்களுக்குள்ள சண்ட வந்து, ஒருத்தன் இன்னொருத்தன் பேர அழிச்சிட்டா புள்ள அந்தரத்துல நிக்குமேன்னு. வேற மாதிரியும் வெக்கலாம்ணா. மாமன அழிச்சா அவரப் புடிச்சிகினு இருக்கற புள்ளைங்களும் கூடவே அழிஞ்சி போற மாதிரி. அத வெக்க எனக்கு மனசு வர்ல. அப்பதான் எங்க வூட்ல பால் குடிச்சிகினு இருந்தது இது.

நம்பர மட்டும் மாத்தினா இன்னாவா? நல்ல கேள்வி. அதத்தான் ரெண்டாவதா பண்ணேன். ஆனா நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன், போன் நம்பரையே ஆளுக்கு அடையாளமா வெச்சிருக்கேன். எங்க ஊர்ல கண்ணையன்னு கூப்ட்டா தெருவுல பாதி பேரு திரும்பிப் பாப்பாங்க. பேர வெச்சா கொழம்பும், நம்பருன்னா ஒருத்தருக்கு ஒண்ணுதானேன்னு நெனச்சேன். இப்ப நம்பர மாத்தி சேவ் குடுத்தா, ஜாங்கோ, ஓ, புதுசா ஒருத்தர் வந்திருக்காரு போலன்னு இன்னொரு கந்தன நிக்க வெச்சிட்டுது. நீங்க அப்டியே இருக்கீங்க. புள்ளைங்க எல்லாம் உங்க கையத்தான் புடிச்சிகினு இருக்குது. புதுசா வந்தவரு ஓரமா, யாரும் இல்லாம, தேமேன்னு நிக்கறாரு. எனக்கே பாவமா இருந்திச்சி. நல்ல வேள, அவர யாரும் புடிக்கல, அழின்ன ஒடனே போயிட்டாரு.

அப்பால தான் தமயந்தியம்மா தூங்கற நேரத்துல வாசல்ல இருந்த சட்டத்தையே மாத்தினேன். இனிமே மாமன் இல்லாமயும் புள்ள உள்ள வரலாம். அந்தக் கட்டம் காலியா இருக்கலாம். டிஃபால்ட்டையும் தூக்கிட்டேன். ஆனா ஏற்கெனவே உங்களப் புடிச்சவங்கள ஒவ்வொருத்தரா உங்ககிட்ட இருந்து கழட்டணுமே. கம்ப்யூட்டர்ல ஒரே வரியில எல்லாரையும் கழட்டிடலாம். ஆனா சனங்ககிட்ட சொல்லணுமில்ல. ஆர்.கே.பேட்ட புஷ்பலதாக்கா பத்திரிகையே அடிச்சிட்டாங்க, தாய்மாமன் கந்தன், செய்யாறுன்னு. ஊரு எப்டி தெரிஞ்சிது அவங்களுக்கு? நீங்கதான் சொன்னீங்களா. ஏண்ணா சொன்னீங்க. அவங்க கேட்டாங்களா. கேட்டா சொல்லிடறதா.

அவங்ககிட்ட போன் பண்ணி, அக்கா, கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு நடந்துட்டுது, அவரு உங்க மாமன் இல்ல, எடுத்துடறேன்னேன். எங்க மாமாவ எடுக்க நீ யாருடின்னாங்க. நகரிக்காரரு அப்ப வேற யார அனுப்பறீங்கன்னு கேட்டாரு. இன்னொருத்தரு, எங்க மாமனே வந்து சொல்லட்டும், அப்ப எடு, நீ சொல்லி எடுக்க மாட்டேன்னாரு. நான் கெஞ்சி, கூத்தாடி, ஒரு வூட்டுக்கு ஒண்ணுவுட்ட அண்ணனத் தேடிக் குடுத்து, ஒரு வூட்ல பக்கத்து வூட்டு டிரைவர சம்மதிக்க வெச்சி, மணியம்மக்காவ மட்டும், கம்ப்யூட்டர்லதான்கா எடுக்கறேன், நம்பர நீயே உம் போன்ல வெச்சிக்கோன்னு சொல்லி, ஒவ்வொரு புள்ளையா கழட்டினேண்ணா. இந்த ஒரு மாசமா எனக்கு இதே வேலைதான். எங்க வூட்டுக்காரரு கேக்கறாரு, நீ வெப்சைட்டு நடத்தறியா இல்ல மாமன் தரகு பாக்கறியான்னு. அவரு பவர்லூம் ஓட்டறவரு, அறுந்த நூல முடிச்சி போடறதுதான் அவரு வேல. எனக்கு இங்க முடிச்ச அவுக்கறது.

தோ பாருங்க, இதான் நீங்க. கந்தன். பக்கத்துல உங்க நம்பரு. கண்ணாடி போட்டுகினு பாருங்க. இப்ப அழின்னு குடுக்கறேன். பாத்துகினே இருங்க.

ஆங், சொல்லிச்சி பாருங்க. இவர அழிக்க முடியாது, ஒருத்தர் இன்னும் கையப் புடிச்சிகினு இருக்காங்கன்னு.

ஒருத்தர்தாண்ணா. மத்த எல்லாரையும் கழட்டிட்டேன், சத்தியமா. யாரா? அதுல போட்டிருக்குது பாருங்க. கனிமொழி, தகப்பன் பேரு பிரகாஷு. ஆமா, இவதான். உங்க பேனாவ எடுத்து வாயில வெச்சிகினு இருக்காளே, இவ.

இவ கட்டத்த காலியா உட்டா போதும், நீங்க இங்க இருந்த தடமே இருக்காது. ஒரு நிமிஷ வேல. எல்லாருக்கும் பண்ணேன், எம் பொண்ணுக்குப் பண்ண கை வர்லண்ணா. எங்கண்ணன் கௌதமன் பொதட்டூர்பேட்டையில லுங்கி யாவாரம். எங் கல்யாணத்துல மைக்குல மொய் படிச்சவன் எங்கண்ணன் பேர எங்க பெரியப்பா மவன் பேருக்கு அப்பால படிச்சிட்டான். அன்னிக்கு எழுந்து போனவந்தான். மொட்டைக்கு வான்னு நானே பத்திரிகைய எடுத்துகினு நடந்தேன். வாசக் கேட்டு தொறக்கல, கம்பி சந்துல கைய நீட்டி அண்ணிதான் வாங்கிச்சி. உள்ள அவன் இருமறது கேட்டுச்சி. போனு போட்டா போவ மாட்டேங்குது.

மேல மாடியில மேளம் அடிக்குதே, யார் வூட்டு விசேஷம்னு அப்பவே கேட்டீங்க இல்ல? எங்க வூட்டுதுதாண்ணா. நீங்க வியாழக்கிழம வரேன்னீங்க, நான்தான் அன்னிக்கு நெட்டு இருக்காதுன்னு சொல்லி இன்னிக்கு வர வெச்சேன். நெட்டு எல்லா நாளும்தான் இருக்குது. காது குத்தறவரு வந்து ஊசிய எலுமிச்சம்பழத்துல குத்தி வெச்சிட்டாரு. எங்க மாமியார் மூணு வாட்டி எட்டிப் பாத்துட்டாங்க, உங்க பக்கத்து ஆளு எங்கன்னு. கீழ குந்திகினு காப்பி குடிக்கறாருன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அழிச்சிடறேண்ணா, வாக்கு மாற மாட்டேன், எறங்கி வந்த ஒடனே உங்க கைய வெச்சே அழிச்சிக்கலாம். அதுக்கு முன்ன மேல வந்து, ஒரு அஞ்சு நிமிஷம், இவள மடியில வெச்சிகினு குந்தறீங்களா?